பாட்டி பிறந்த ஊரைச் சரிபார்ப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியத் தேசியக் காற்பந்துக் குழுவில் வெளிநாட்டில் பிறந்தவர்களைச் சேர்ப்பது சரியா என்ற பேச்சு நம்மிடையே இன்னும் ஓயவில்லை. ‘நம் பிள்ளைகள் வாய்ப்பில்லாமல் உட்கார்ந்திருக்க, அர்ஜென்டினாக்காரர் எதற்கு?’ என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். ‘உலகம் முழுக்க இதுதான் நடக்கிறது, நாம் மட்டும் ஏன் பின்தங்க வேண்டும்?’ என்கிறார்கள் இன்னொரு சாரார். இரண்டு பக்கமும் கோபம் நிறைய இருக்கிறது. விதி என்ன சொல்கிறது, கோளாறு எந்த இடத்தில் நுழைந்தது என்ற விவரத்தைத்தான் யாரும் பேசுவதில்லை. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

2025 ஜூன் 10 அன்று புக்கிட் ஜாலில் அரங்கில், 2027 ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் மலேசியா 4-0 என்ற கோல் கணக்கில் வியட்நாமை வென்றது. அந்த நான்கு கோல்களை அடித்தவர்கள் யார் என்று பாருங்கள். ஜோவாவ் ஃபிகெய்ரெடோ, ரொட்ரிகோ ஹொல்காடோ, லாவெர் கோர்பின்-ஓங், டியோன் கூல்ஸ். முதல் இருவர் பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் பிறந்தவர்கள். மலேசியத் தாத்தா பாட்டி உண்டு என்று காட்டிய பத்திரங்களால் சேர்க்கப்பட்டவர்கள். கோர்பின்-ஓங் லண்டனில் பிறந்தவர், தாய்வழியில் மலேசியர். கூல்ஸ் பெல்ஜியத்தில் வளர்ந்தாலும் பிறந்தது சரவாக்கின் கூச்சிங்கில். பின்னிருவர் நாட்டுக்காக ஆடுவதில் யாருக்கும் எந்த ஆட்சேபமும் எழவில்லை, எழவும் முடியாது. நம் விவாதத்துக்கான பதில் அந்த ஒரு ஆட்டத்திலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

பின்னர் உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவுக்குப் புகார் போனது. செப்டம்பர் 26 அன்று அதன் ஒழுங்கு நடவடிக்கைக் குழு, போலி ஆவணம் தொடர்பான 22ஆம் விதியின் கீழ் தண்டனை அறிவித்தது. மலேசியக் காற்பந்து சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம். முதலில் சொன்ன இருவரையும் சேர்த்து, இப்படிப் பத்திரம் காட்டிச் சேர்ந்த ஏழு ஆட்டக்காரர்களுக்குத் தலா 2,000 பிராங்க் அபராதமும் 12 மாதத் தடையும். நவம்பரில் மேல்முறையீடு தள்ளுபடியானது. டிசம்பரில், கேப் வெர்டே, சிங்கப்பூர், பாலஸ்தீனம் ஆகிய அணிகளுடன் ஆடிய மூன்று நட்புமுறை ஆட்டங்களும் 0-3 தோல்வியாக மாற்றப்பட்டன. சிங்கப்பூரையும் பாலஸ்தீனத்தையும் நாம் வென்றிருந்தோம்.

இனி விதிக்கு வருகிறேன். இரண்டு கதவுகள் இருக்கின்றன, இரண்டுக்கும் சாவி வேறு. முதல் கதவு குடியுரிமை. அதைத் திறப்பது நாட்டின் சட்டம். இரண்டாவது கதவு ஃபிஃபாவின் தகுதி விதி. கடப்பிதழ் கையில் வந்துவிட்டதாலேயே ஒருவர் அந்த நாட்டுக்கு ஆடிவிட முடியாது. புதிதாகக் குடியுரிமை பெற்றவர் அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும். அல்லது பெற்ற தாயோ தந்தையோ அங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தாத்தா பாட்டிகளில் ஒருவராவது அங்கே பிறந்திருக்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால், பெரியவராக வந்தவர் அந்த நாட்டில் ஐந்து ஆண்டுகள் உண்மையிலேயே வாழ்ந்திருக்க வேண்டும். முன்பு இரண்டு ஆண்டுகள் போதும் என்றிருந்ததை 2008இல்தான் ஐந்தாக உயர்த்தினார்கள். 2004இல் கத்தார், தனக்கு எந்த உறவும் இல்லாத பிரேசில் ஆட்டக்காரர்களைப் பணம் கொடுத்து இழுக்கப் பார்த்ததுதான் இத்தனை கட்டுப்பாடுகளுக்கும் தொடக்கம்.

மலேசியச் சட்டத்தில் தாத்தா பாட்டி வழியாகக் குடியுரிமை என்று ஒன்று கிடையாது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். அந்த எழுவருக்கும் குடியுரிமை வந்தது கூட்டரசு அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு வழியாக. அந்தப் பிரிவு முந்தைய 12 ஆண்டுகளில் மொத்தம் 10 ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும் என்கிறது. விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதமும் அதில் அடக்கம். மலாய்மொழியில் போதிய அறிவும் நன்னடத்தையும் வேண்டும். வசிப்புக் காலத்தைத் தமக்குள்ள அதிகாரத்தைக் கொண்டு தளர்த்தியதாக உள்துறை அமைச்சர் 2025 அக்டோபரில் நாடாளுமன்றத்தில் விளக்கினார். முதல் கதவு அப்படித் திறந்தது. ஆனால் அமைச்சரின் தளர்வு ஃபிஃபாவிடம் செல்லாது. இரண்டாவது கதவுக்கு ஐந்து ஆண்டு வசிப்பு இல்லை, மிஞ்சியது தாத்தா பாட்டிதான். பொய்ப் பத்திரம் ஏன் தேவைப்பட்டது என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஃபிஃபா செய்தது எளிய வேலை. ஆட்டக்காரர்களின் சொந்த நாட்டுப் பதிவகங்களிலிருந்தே தாத்தா பாட்டிகளின் மூலப் பிறப்புப் பதிவை வாங்கிப் பார்த்தது. பினாங்கு என்று காட்டியிருந்த ஒரு தாத்தா அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே பகுதியில் பிறந்திருந்தார். கூச்சிங் என்று எழுதப்பட்டவர் ஸ்பெயினின் குவெர்னிகாவில். மலாக்கா என்று காட்டப்பட்டவர் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில். ஏழும் இப்படியே. நிர்வாகத்தில் நேர்ந்த தொழில்நுட்பத் தவறு என்று சங்கம் சொன்னது. ஒரு பத்திரத்தில் ஊர்ப்பெயர் பிசகினால் அதைத் தவறு என்று ஏற்கலாம். ஏழு குடும்பங்களின் ஏழு ஊர்களும் சொல்லிவைத்தாற்போல மலேசியாவுக்கு இடம்பெயர்ந்ததைத் தவறு என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

முன்கூட்டியே ஃபிஃபாவிடம் கேட்டோம், தகுதி உண்டு என்று எழுதிக் கொடுத்தார்களே என்ற வாதமும் வந்தது. நிர்வாகிகள் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடம் இது. ஃபிஃபாவின் அந்தப் பதில், சங்கம் அனுப்பிய தாள்கள் உண்மை என்று வைத்துக்கொண்டு தரப்படும் பதில். தாள் போலியா என்று அந்தக் கட்டத்தில் யாரும் துருவுவதில்லை. துருவ வேண்டிய பொறுப்பு சங்கத்துடையது.

அதை எப்படிச் செய்வது என்று கேட்டால், பெரிய செலவில்லாத வேலை என்பேன். முதலில், ஆட்டக்காரரின் முகவர் கொண்டுவரும் எந்தத் தாளையும் ஆதாரமாக ஏற்கக் கூடாது. அதைத் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால், ஆட்டக்காரர் தேசியக் குழுவில் சேர்ந்தால் அவருடைய சந்தை மதிப்பு உயரும், அதில் முகவருக்குப் பங்குண்டு. ஆட்டக்காரர், அவருடைய பெற்றோர், தாத்தா பாட்டி என மூன்று தலைமுறைப் பதிவையும் சங்கமே நேராக அந்தந்த நாட்டுப் பதிவகத்தில் கட்டணம் கட்டி வாங்க வேண்டும். சுருக்கச் சான்றிதழ் போதாது, முழுப்பதிவின் நகல் வேண்டும். ஸ்பெயினை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே முழுப்பதிவு நகலில் குழந்தையின் பெயரோடு தந்தையும் தாயும் பிறந்த ஊரும் எழுதப்பட்டிருக்கும். ஆகவே ஆட்டக்காரருடைய அப்பாவின் பிறப்புப் பதிவை மட்டும் வாங்கினாலே தாத்தா எந்த ஊரில் பிறந்தார் என்பது ஒரு வரியில் தெரிந்துவிடும். அந்த வரியில் குவெர்னிகாவைப் போல ஸ்பெயினின் பாஸ்க் பகுதி ஊர் ஒன்று இருந்து, நம் கையிலுள்ள தாளில் கூச்சிங் என்று இருந்தால் அங்கேயே கோப்பை மூடிவிடலாம்.

அடுத்தது, இல்லாததைத் தேடுவது. பினாங்கில் பிறந்தவர் அர்ஜென்டினாவில் குடும்பம் நடத்தினார் என்றால், அவர் எப்போதோ கப்பலேறிப் போயிருக்க வேண்டும். பயணிகள் பட்டியல், குடிநுழைவுப் பதிவு, திருமணப் பதிவு, இறப்புப் பதிவு என்று ஏதாவது ஒன்றில் ‘பிறந்த நாடு’ என்ற கட்டத்தில் மலாயா என்றோ நீரிணைக் குடியேற்றம் என்றோ விழுந்திருக்கும். ஒன்றிலுமே இல்லையென்றால் கதை நிற்காது. அதே தாத்தாவின் பெயரில் அர்ஜென்டினாவிலேயே பிறப்புப் பதிவு இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைத்தான் ஃபிஃபா கேட்டது, நம்மவர்கள் கேட்கவில்லை. மூன்று தலைமுறை, மூன்று நாடு என்று அலைந்தாலும் மூன்று நான்கு மாதத்துக்குள் முடிகிற காரியம். தகுதிச் சுற்று ஆட்டத்துக்குச் சில வாரம் இருக்கும்போது தொடங்கினால் முடியாது. அவசரம்தான் இங்கே முதல் எதிரி.

இவ்வளவு சொன்னதால் வெளிநாட்டில் பிறந்தவர்களே வேண்டாம் என்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2022 உலகக் கிண்ணத்தில் அரையிறுதி வரை போன மொரோக்கோவின் 26 பேரில் 14 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஹக்கிமி பிறந்தது மட்ரிட்டில், கோல் காவலர் போனோ பிறந்தது கனடாவின் மாண்ட்ரியலில். அவர்கள் வீட்டில் பேசிய மொழியும் விடுமுறைக்குப் போன ஊரும் மொரோக்கோவுடையவை. நாம் 2025 மே மாதம் 1-1 என்று சமன் செய்த கேப் வெர்டேயைப் பாருங்கள். பிழைப்புக்காகப் போர்ச்சுகலுக்கும் நெதர்லாந்துக்கும் போனவர்களின் பிள்ளைகளைத் தேடிச் சேர்த்த அந்தச் சின்னஞ்சிறு தீவு நாடு, அக்டோபரில் 2026 உலகக் கிண்ணத்துக்கே தகுதி பெற்றது. டப்ளினில் பிறந்த ராபர்ட்டோ லோபஸ் என்ற தடுப்பாட்டக்காரரை அவர்கள் லிங்க்ட்இன் வழியாகத் தொடர்புகொண்டு அழைத்த கதை காற்பந்து உலகம் அறிந்தது. அவருடைய தந்தை உண்மையாகவே கேப் வெர்டேக்காரர். மே மாதம் களத்தில் எதிரெதிரே நின்ற இரண்டு குழுக்களில் ஒன்று அந்த ஆட்டத்தை இப்போது ஏட்டில் 3-0 வெற்றி என்று வைத்திருக்கிறது.

நாடு விட்டு நாடு போன குடும்பத்தின் பேரன் தாத்தாவின் மண்ணுக்காக ஆட விரும்பினால், மலேசியத் தமிழனைப்போல அதைப் புரிந்துகொள்ளக்கூடியவர் யார்? நம் முன்னோரும் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்கள்தாமே. ஆகவே மலேசியத் தாயின் பிள்ளை, மலேசியத் தாத்தாவின் பேரப்பிள்ளை எத்தனை பேர் வந்தாலும் வரட்டும், எண்ணிக்கைக் கட்டுப்பாடு வேண்டாம் என்பதே என் கருத்து.

வசிப்பு வழியாக வருபவர்கள் விஷயம் கொஞ்சம் வேறு. 2018இல் காம்பியாவில் பிறந்த முகமது சுமாரே, பிறகு லிரிடோன் கிராஸ்னிகி, கில்லர்மே டி பவுலா, லீ டக், எண்ட்ரிக், பாவ்லோ ஜோசுவே, ரோமல் மொராலெஸ் என்று வரிசை நீண்டது. இவர்கள் இங்கே ஆண்டுக்கணக்கில் ஆடி, வரி கட்டி, வாழ்ந்தவர்கள். 2024 ஜனவரியில் ஆசியக் கிண்ணத்தில் தென் கொரியாவுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் கடைசியில் மொராலெஸ் அடித்த கோலால்தான் 3-3 என்று சமநிலை கிடைத்தது. அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இவர்களில் பெரும்பாலோர் முன்வரிசைக்காரர்கள் அல்லது தாக்கும் நடுவரிசைக்காரர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். லீக்கில் கிளப்புகள் கோல் அடிக்கும் இடத்தை வெளிநாட்டவரிடம் கொடுக்கின்றன. பத்தொன்பது வயது உள்ளூர் முன்வரிசைக்காரர் மாற்று ஆட்டக்காரர் இருக்கையிலேயே இரண்டு பருவம் கழிக்கிறார். பிறகு தேசியப் பயிற்றுநர் ‘உள்ளூரில் கோல் அடிப்பவர் இல்லை’ என்று அதே வெளிநாட்டவருக்குக் குடியுரிமை கேட்கிறார். வட்டம் முழுமையாகிவிடுகிறது. கம்பாங்கில் மொக்தார் டஹாரி பெயரில் பயிற்சிக்கழகம் நடத்தி, பதின்மூன்று வயதுப் பையன்களை வளர்த்து, கடைசியில் இந்தச் சுவரில்தான் கொண்டுபோய் மோதவிடுகிறோம். வசிப்பு வழியாக வந்தவர்கள் ஒரே நேரத்தில் களத்தில் இருவருக்கு மேல் வேண்டாம் என்று சங்கம் தனக்குத் தானே விதி வைத்துக்கொள்ளலாம். ஃபிஃபா அதைக் கேட்கவில்லைதான், தடுக்கவுமில்லை.

இந்தோனேசியா இதில் நமக்கு நெருங்கிய பாடம். அங்கும் பெரியவர்களுக்கு இரட்டைக் குடியுரிமை இல்லை. நெதர்லாந்தில் பிறந்த வம்சாவளி ஆட்டக்காரர்கள் பழைய குடியுரிமையைத் துறந்து வருகிறார்கள். ஒவ்வொருவர் பெயரும் நாடாளுமன்றக் குழுவின் முன் வைக்கப்படுகிறது, பாட்டி எந்த ஊர், தாத்தா எந்த ஊர் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. கோல் காவலர் மார்ட்டன் பாஸின் பாட்டி பிறந்தது கிழக்கு ஜாவாவின் கெடிரி என்பது தெருவில் போகிறவருக்கும் தெரியும். அப்படித் திறந்து வைத்தால் பொய்க்கு இடம் குறைவு. அத்தனை செய்தும் 2025 அக்டோபரில் ஜெட்டாவில் சவூதியிடம் 2-3, ஈராக்கிடம் 0-1 என்று தோற்று உலகக் கிண்ண வாய்ப்பை இழந்தார்கள். நேர்மையான வம்சாவளிக் குழுவுக்கும் வெற்றி நிச்சயமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடைசியாக, தமிழ் நாளிதழில் எழுதுவதற்கு என்னை உந்திய விஷயம். ஃபிஃபாவின் தீர்ப்பில் ஒரு செய்தி இருக்கிறது. தேசியப் பதிவிலாகாவிடம் அந்தத் தாத்தா பாட்டிகளின் கையால் எழுதப்பட்ட மூலப் பிறப்புப் பதிவு இல்லை. வேறு ஆவணங்களையும் தகவல்களையும் வைத்தே நகல் வழங்கப்பட்டது. இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் தோட்டப்புறத்து மக்கள்.

1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைச் சட்டப்படி பதிய வேண்டும். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியதோடு முடிந்த திருமணம் சட்டத்தின் கண்ணில் திருமணம் இல்லை. அப்படிப் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை தாய் வழியே போகும், தந்தை வழியே போகாது. தாயிடம் குடிமக்களுக்கான நீல அடையாள அட்டையோ நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அட்டையோ இல்லாவிட்டால், நீல அட்டை வைத்திருக்கும் தந்தை பக்கத்திலேயே நின்றாலும் பிள்ளைக்குப் பயனில்லை. லயத்து வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்து, உரிய நாளுக்குள் பதியாமல் விட்ட பிறப்புக்குத் தாமதப் பதிவு கேட்டால் என்னென்ன தேடி அலைய வேண்டியிருக்கிறது! தோட்ட மருத்துவமனையில் டிரெசர் என்ற மருத்துவ உதவியாளர் எழுதிய புத்தகம் வேண்டும். தோட்டம் விற்கப்பட்டபோதே அது குப்பைக்குப் போயிருக்கும். தோட்டத்து எழுத்தரான கிராணியார் வைத்திருந்த பேரேடு வேண்டும். கிராணியார் இறந்து வெகுகாலம் ஆகியிருக்கும். பள்ளிச் சேர்க்கைப் பதிவு, அக்கம்பக்கத்தாரின் சத்தியப் பிரமாணம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கொண்டுபோனாலும் மூலப்பத்திரம் எங்கே என்ற கேள்வி காத்திருக்கிறது. 2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவை ஏற்ற அரசியலமைப்புத் திருத்தம், நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்கு இங்கே பிறந்ததாலேயே கிடைத்துவந்த குடியுரிமையையும் எடுத்துவிட முடிவு செய்திருக்கிறது. சிவப்பு அட்டைக் குடும்பங்களுக்கு இது இன்னொரு கதவடைப்பு.

அந்தக் குடும்பங்களில் ஒரு பையன் நன்றாகப் பந்தாடுகிறான் என்று வையுங்கள். குடியுரிமை இல்லை என்றால் மலேசியக் கடப்பிதழ் இல்லை. கடப்பிதழ் இல்லை என்றால் 16 வயதுக்குட்பட்ட குழுவில்கூட நாட்டுக்காக நிற்க முடியாது. அவன் பிறந்தது இங்கே, அவன் பாட்டி பால்மரம் சீவியதும் இங்கே. ஃபிஃபா கேட்கும் உறவு அத்தனையும் அவனிடம் இருக்கிறது, இல்லாதது முதல் கதவின் சாவி மட்டும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய எம். சந்திரன், 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோவுக்குத் தகுதி பெற்ற குழுவின் கோல் காவலர் ‘ஸ்பைடர்மேன்’ ஆர். ஆறுமுகம், 2010இல் தென்கிழக்காசியப் போட்டியான சுசுகி கிண்ணத்தை வென்று தந்த பயிற்றுநர் கே. ராஜகோபால் என்று நாட்டின் காற்பந்துக்கு உழைத்த நம்மவர் வரிசை இருக்கிறது. அந்த வரிசையில் அடுத்து நிற்க வேண்டியவன் தாளில்லாமல் திடலுக்கு வெளியே நிற்கக்கூடும்.

எனவே நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத் தொடரில் எழுத்துமூலக் கேள்வி ஒன்று கேளுங்கள். அந்த ஏழு ஆட்டக்காரர்களின் குடியுரிமை விண்ணப்பம் எந்தத் தேதியில் பெறப்பட்டது, எந்தத் தேதியில் ஒப்புதல் ஆனது? மூலப்பத்திரம் இல்லாமல் துணை ஆவணங்களைக் கொண்டு பதிவு வழங்க இலாகா பின்பற்றிய நடைமுறை எது? அதே நடைமுறையின் கீழ், இந்த நாட்டில் பிறந்து தாளில்லாமல் இருக்கும் இந்தியர்களின் விண்ணப்பங்கள் எத்தனை நிலுவையில் உள்ளன, அவற்றில் மிகப் பழையது எந்த ஆண்டினுடையது? இவை அனைத்தையும் ஒரே கேள்வியாகக் கேளுங்கள். பதில் வந்ததும் தங்கள் நாளிதழ் அதை முழுமையாக வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
காற்பந்து ரசிகன்,
கிள்ளான், சிலாங்கூர்